கிளம்பச் சொல்வது யார்

தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறினால் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எழுதினேன். அது வழவழப்பான தாளில் அச்சாகி, தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் தன்னார்வலர்கள் பலரின் பையில் இருக்கிறது. பதில்தான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். விசிட்டிங் கார்டில் 'அறிவு மேலாண்மை ஆலோசகர்' என்று போட்டிருக்கிறது. என் மாமியார் உறவினர்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்று முடித்துக்கொள்வார். எங்கள் சர்ச்சில் ஒரு பெரியவர் அந்தக் கார்டைக் கண்ணாடி போட்டு, கண்ணாடி கழற்றி, இரண்டு விதமாகவும் படித்துவிட்டு, "அறிவ மேனேஜ் பண்றதாம்மா? எங்க வீட்ல இருக்கிற அளவுக்கு அதுக்குத் தனியா ஆள் தேவைப்படாதே" என்றார்.

வேலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஓர் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவருக்குத் தெரிந்த விஷயங்கள் பெரும்பாலும் அவர் தலைக்குள்தான் இருக்கும். அவர் மாற்றலாகிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ அதெல்லாம் அவரோடு போய்விடும். அப்படிப் போகாமல், அவரிடம் கேட்டு, எழுதி, மற்றவர்கள் தேடினால் கிடைக்கிற இடத்தில் வைப்பது எங்கள் தொழில். அரசு அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும்தான் எங்களிடம் வருகிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எவ்வளவு முக்கியமான விஷயம் பேசினாலும் கீழேயிருந்து யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல் குடையப்படும் சத்தமும் கூடவே வரும்.

மற்றவர்களின் அறிவைப் பத்திரப்படுத்தும் எங்கள் அலுவலகத்தில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் பிரசவ விடுப்பில் போனபோது எல்லாம் நின்றுபோனது. அந்த ஆள் நான்தான். ஆபரேஷன் முடிந்து, குழந்தையை என் பக்கத்தில் படுக்க வைத்த அன்றைக்கே என் மேலாளர் போன் செய்தார். முதலில் வாழ்த்து சொன்னார். பிறகு பெண்ணா பிள்ளையா என்று கேட்டார். பிறகு பாஸ்வேர்ட் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு வயது. மழைக்காலம் வந்தால் அவளுக்கு வீசிங் வரும், மூச்சு இழுக்கும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வருடம் முழுக்க இதை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் வந்த தொண்டு நிறுவனம் தென் சென்னையின் புறநகர்களில் மழை வெள்ளக் காலத்தில் உதவி செய்கிற ஓர் அறக்கட்டளை. சோற்றுப் பொட்டலம், போர்வை, படகு, தங்குவதற்குப் பள்ளிக்கூட அறைகள் என்று உண்மையாகவே உழைக்கிறவர்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்று ஒரு கூட்டம் போடுவார்கள். சமோசா, டீ உண்டு. பழைய கூட்டக் குறிப்புகளை எல்லாம் என்னிடம் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் அதே பாடத்தைத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள்: மக்களை இன்னும் முன்னதாகக் கிளம்பச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருடக் குறிப்பில் சமோசா ஆறிப்போயிருந்தது என்பது மட்டும் கூடுதலாக இருந்தது.

ஆகவே, எப்போது கிளம்பச் சொல்ல வேண்டும் என்பதை அவர்களின் அனுபவசாலிகளிடமிருந்து கேட்டு எழுதி ஒரு கையேடு ஆக்குவது என் பொறுப்பாயிற்று. என்னை அனுப்பியதற்கு என் மேலாளர் காரணமும் சொன்னார்: "நீங்க பீர்க்கன்கரணையில ஏரிக்குப் பக்கத்துல, அதுவும் கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கீங்க. உங்களுக்கு சப்ஜெக்ட் தெரியும்."

அவர்களுடைய களப்பணி ஒருங்கிணைப்பாளர் நல்ல உயரம். குரலும் அதற்கேற்ற மாதிரி. எல்லாரும் அவரை அண்ணன் என்றார்கள், நானும் அண்ணா என்றேன். முதல் கூட்டத்திலேயே அவர் என் வேலையை முடித்துவைக்கப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கு மேடம் புக்கு? தண்ணி முட்டிக்கு வந்துச்சா, கெளம்பு. அவ்ளோதான்."

"யாரு முட்டிக்கு?" என்றார் கமிட்டியில் இருந்த வக்கீல்.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? என் முட்டிக்குத்தான்."

"உங்க முட்டி எனக்கு இடுப்பு" என்றார் பொருளாளர். அவர் குள்ளம். அதைச் சொல்வதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

முட்டியின் மீது வெகுநேரம் விவாதம் நடந்தது. எங்கே நின்று முட்டி என்ற கேள்வி அடுத்து வந்தது. ரோட்டின் மேலேயா, வீட்டு வாசலிலா? எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதின் மேலேயே போட்டுப் போட்டு, பழைய வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. ரோட்டில் கணுக்கால் என்றால் ஹாலில் முட்டி. நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கேட்பது, குறிப்பது, பிறகு எல்லோரும் சொன்னதைச் சேர்த்து ஒரு வரியாக்குவது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். வீட்டில் நான் எடுக்கும் எந்த முடிவிலும் எனக்கு உறுதி கிடையாது. மற்றவர்களின் முடிவை மட்டும் தயங்காமல் எழுதுவேன்.

நான் எழுதிக்கொண்டுபோன முதல் வரைவில் அந்த வரி இப்படி இருந்தது: 'தெருமுனையில் தண்ணீர் தேங்கி, மழையும் விடாமல் பெய்தால், தரைத்தளத்தில் குழந்தைகளோ முதியவர்களோ நோயாளிகளோ இருக்கும் வீட்டாரைக் கிளம்பச் சொல்லுங்கள்.'

செயலாளர் அதை உரக்கப் படித்தார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. எதையும் இரண்டு முறை படிப்பார். இரண்டாவது முறை 'சொல்லுங்கள்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"சொல்றோம். தண்ணி வரலைன்னா?"

ஒரு வருடம் அப்படி நடந்திருக்கிறது. ஒரு தெருவையே கிளம்பச் சொல்லி, எல்லோரும் பள்ளிக்கூடத்தில் வந்து படுத்து, தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிட்டது. ஆளில்லாத ஒரு வீட்டில் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மறுநாள் அறக்கட்டளை ஆபீஸ் வாசலில் நின்று, "எவன்டா போகச் சொன்னவன், அவன வரச் சொல்லு" என்று கத்தினார். போகச் சொன்ன அண்ணன் அன்றைக்கு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டதாக அவரே சொன்னார்.

"அதனால 'அறிவுறுத்தலாம்'னு போட்டுக்கலாம்" என்றார் பொருளாளர்.

"அறிவுறுத்தினாலும் அறிவுறுத்தினது நாமதானே?" என்றார் வக்கீல். "'பரிசீலிக்கலாம்'?"

"யாரு பரிசீலிக்கிறது?"

"அதைச் சொல்ல வேண்டாம்."

இப்படி ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வார்த்தை கழன்றது. குழந்தை கழன்றது, ஏனென்றால் குழந்தை இல்லாத வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். தெருமுனை கழன்றது, ஏனென்றால் சில தெருக்களுக்கு முனையே கிடையாது. கடைசியில் தேறிய வரி இது: 'கள நிலவரத்தைக் கருத்தில் கொண்டு, சம்பந்தப்பட்டவர்களுடன் கலந்தாலோசித்து, உரிய முடிவு உரிய நேரத்தில் எடுக்கப்பட வேண்டும்.'

மொழியைச் சரிபார்த்தது நான். முதலில் 'தக்க முடிவு' என்று இருந்தது. 'உரிய' இரண்டு முறை வந்தால் ஓசை நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கமிட்டி கைதட்டியது. அண்ணன் மட்டும், "படிக்கறதுக்கு சோக்கா கீது மேடம். ஆனா இன்னா பண்ணணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆட்டோவில் திரும்பும்போது என் மேலாளர், "யாருமே எதிர்க்க முடியாத ஒரு வரியை எழுதிட்டீங்க. நம்ம வேலையோட உச்சம் அது" என்றார். அன்றைக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், விடியற்காலையிலிருந்தே மழை. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்திருந்தார்கள். என் கணவர் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார்; முந்தின நாள் ஷிஃப்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் மகளும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனை மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டைகளை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கேட்டுக்கு வெளியே தண்ணீர், பால் பாக்கெட் உறை ஒன்றைச் சுற்றிச் சுற்றி விளையாட்டுக் காட்டியது. மகள் அதைப் பார்த்துக் கைதட்டினாள். கைதட்டி முடித்ததும் இருமினாள்.

இருமல் எனக்குத் தெரிந்த இருமல். நெபுலைசரை எடுத்து ஒரு முறை வைத்தேன். அது மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற, கரண்டில் ஓடுகிற மெஷின். தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறினால் கரண்டை நிறுத்திவிடுவார்கள். கிழக்குத் தாம்பரத்தில் என் தம்பியின் வீடு, மூன்றாவது மாடி, ஜெனரேட்டர் உண்டு. போவதாக இருந்தால் தெருவில் வண்டி ஓடும்போதே போக வேண்டும். போனால் குழந்தை மழையில் நனையும். நனைந்தால் வீசிங் வரும். போகாவிட்டால் கரண்ட் போகும். கரண்ட் போய் வீசிங் வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு இருட்டில், தண்ணீரில், எங்கே போவேன்?

கணவருக்குப் போன் செய்தேன்.

"நீ என்ன நெனைக்கிறே?" என்றார்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நான் அங்க இல்லையேம்மா. பாத்துட்டு இருக்கிறது நீதானே. நீ சொல்லு."

"போகட்டுமா?"

"போகணும்னு தோணினா போ."

"தோணலைன்னா?"

"அப்ப போகாதே."

இதைத்தான் கலந்தாலோசித்தல் என்று எழுதியிருந்தேன்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். ஒருவர் ஏரி நிரம்பிவிட்டது என்றார். ஒருவர் ஏரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வெயிலில் எடுத்த படம் போட்டார். ஒருவர் இரண்டு பேருக்கும் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ அனுப்பினார்.

கடைசியில் அறக்கட்டளையின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். மற்றவர்கள் அழைப்பதற்காக நான் அச்சிட்டுக் கொடுத்த எண். எடுத்தது ஓர் இளம்பெண். புதிதாகச் சேர்ந்தவள் போலிருந்தது. என் குரல் அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

"வணக்கம் மேடம், உங்க ஏரியா?"

சொன்னேன். தண்ணீர் எதுவரை என்று சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். "கிளம்பலாமா, இருக்கலாமா? அது மட்டும் சொல்லுங்கம்மா" என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம். இதுக்குன்னு எங்ககிட்ட கையேடு இருக்கு. கரெக்டா போட்டிருப்பாங்க." தாள் புரளும் சத்தம். "ஆ, இருக்கு. படிக்கிறேன் மேடம். கள நிலவரத்தைக் கருத்தில் கொண்டு..."

"அது வேண்டாம்மா, அது எனக்கு..."

"...சம்பந்தப்பட்டவர்களுடன் கலந்தாலோசித்து, உரிய முடிவு உரிய நேரத்தில் எடுக்கப்பட வேண்டும்." நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி அழகாகப் படித்தாள். இரண்டு 'உரிய'வும் நன்றாகவே ஒலித்தன.

"சம்பந்தப்பட்டவங்கன்னா யாரும்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதான் மேடம். வீடு உங்களுது, பாப்பா உங்களுது. நான் இப்போ உங்களோட கலந்தாலோசிச்சுட்டுத்தானே இருக்கேன்?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லக் கூடாது மேடம். ட்ரெயினிங்ல சொல்லியிருக்காங்க. நீங்க முடிவு எடுத்தீங்கன்னா சொல்லுங்க, நான் இங்க டிக் போட்டுடறேன்."

அந்தப் பயிற்சியை நடத்தியதும் நான்தான். அவள் சேர்வதற்கு முந்தின குழுவுக்கு. விஷயம் அவள்வரை ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்ந்திருக்கிறது. தொழில் முறையில் பார்த்தால் மிகப் பெரிய வெற்றி.

அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. முடிச்சூர்ப் பக்கம் எங்கோ நின்றிருந்தார். பின்னால் டிராக்டர் சத்தம்.

"இன்னா மேடம், என்னியப் போய் கேட்டுகினு? புக்கு எழுதுனதே நீங்கதானே?"

"அண்ணா, விளையாடாதீங்க. குழந்தை இருமுறா."

அவர் குரல் மாறியது. "என்னியக் கேட்டா கெளம்பு. இப்பவே கெளம்பு. ஆனா நான் சொன்னேன்னு வெளில சொல்லிடாதீங்க மேடம். அந்த டிவி விசயத்துல பட்டது போதும்." பிறகு, "உங்க தெரு நான் இன்னும் பாக்கல. பாக்காமச் சொல்றேன். அதையும் வச்சு ரோசனை பண்ணிக்கங்க" என்றார்.

கிளம்பு என்றவரும் பாதிதான் சொன்னார். எனக்கு வேண்டியது சரியான பதில்கூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. யாராவது ஒருவர் முழுதாகச் சொன்னால் போதும். சொன்னது தப்பாகப் போனால் ஆயுசுக்கும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கலாம். திட்டு வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்பதே எவ்வளவு பெரிய உதவி! அந்த ஆளுக்கு மட்டும் எங்கள் கையேட்டில் இடமில்லை.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டு, குழந்தையின் மார்பில் காதை வைத்துக்கொண்டு நின்றபோது கதவைத் தட்டினார் மேல்வீட்டு அக்கா. அவர் கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம். அக்கா கையில் ஒரு டிபன் கேரியர், இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து.

"கடை வண்டி வந்திருக்கு. நாங்க பல்லாவரம் போறோம், எங்க நாத்தனார் வீட்டுக்கு. வரியா?"

"அக்கா, நீங்க மாடியில இருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு..."

"வரியா வரலியாம்மா? டிரைவர் இஞ்சின அணைக்காம கத்துறான். டீசல் அவன் அப்பன் வீட்டுதா?"

"தண்ணி உள்ள வரும்ங்கிறீங்களா?"

"எனக்கென்னா தெரியும்? அல்லாவுக்குத்தான் தெரியும்." சொல்லிக்கொண்டே என் மகளைத் தூக்கிக்கொண்டார். "மருந்து மெஷின எடு. செருப்பப் போடாத, வழுக்கும்."

வண்டி என்றால் பின்னால் திறந்த மினி லாரி. மேலே தார்ப்பாய். உள்ளே தோல் வாடை. நாங்கள் ஏறியபோது அக்காவிடம் கேட்டேன், தொழில் புத்தி விடவில்லை: "கிளம்பணும்னு எப்படிக்கா முடிவு பண்ணீங்க?"

"முடிவா?" அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வண்டி வந்துச்சு, ஏறினேன். போன மழையிலயும் இப்படித்தான் போனேன். ஒரு சொட்டுத் தண்ணி வரலை. எங்க நாத்தனாரோட சண்டைதான் வந்துச்சு."

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே எங்களை இறக்கிவிட்டார்கள். வண்டியிலிருந்தே போன் செய்திருந்ததால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பி காத்திருந்தான். நடைமேம்பாலத்தில் ஏறினோம். ரயில்கள் நின்றுபோனதால் ஊரே பாலத்தின் மேல் இருந்தது. நடுவில் வந்தபோது காற்று குடையைப் பின்பக்கமாக மடக்கியது. மகள் தலையிலிருந்து பாதம்வரை நனைந்தாள். அதற்கும் கைதட்டினாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு நன்றாகவே இழுத்தது. தம்பி வீட்டில் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடியது. நெபுலைசர் வைத்தோம், அடங்கவில்லை, மறுபடி வைத்தோம். என் தோளில் கிடந்த அவளுடைய விலா எலும்பு ஏறி இறங்கியதை என் கை இன்னும் மறக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மெல்ல மெல்லச் சரியானாள். பிஸ்கட் கேட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டாக்டர், "நனைஞ்சிருக்கா. அதனால இருக்கலாம்" என்றார். "வீட்லயே இருந்திருந்தா வந்திருக்காதா டாக்டர்?" என்று கேட்டேன். "வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்" என்றார். எங்கள் கமிட்டியில் சேர எல்லாத் தகுதியும் உள்ளவர்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். வாசற்படியில் சேறு. கீழ்ப்படி முழுவதும் சேறு, மேல்படி சுத்தமாக இருந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் கரண்ட் போய், நாங்கள் திரும்பிய அன்றைக்குத்தான் வந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"பாத்தியா, உள்ள வரவே இல்லை. வீட்லயே இருந்திருந்தா புள்ள நனைஞ்சிருக்க மாட்டா" என்றார் என் கணவர். அவர் குறை சொல்லவில்லை. படியில் பார்த்ததைச் சொன்னார். தம்பி போனில், "இருந்திருந்தா கரண்ட் இல்லாம என்னக்கா பண்ணியிருப்பே?" என்றான். அவனும் சரி. இவரும் சரி. கிளம்பியதால் வந்த வியாதியைப் போன இடத்தில் குணமாக்கினோமா, வீட்டில் இருந்தாலும் வந்திருக்கக்கூடிய வியாதி நல்லவேளையாகக் கரண்ட் இருந்த இடத்தில் வந்ததா? இதற்கு எந்தக் கோப்பிலும் விடை இல்லை. படுக்கையில் புரண்டு புரண்டு இரண்டு பக்கமும் நானே வாதாடுகிறேன். வக்கீல் இருந்திருந்தால் ஃபீஸ் கேட்டிருப்பார்.

தை பிறந்ததும் வழக்கம்போல் பாடம் கற்கும் கூட்டம். சமோசா சூடாக இருந்தது. நான் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். உதவி எண் பிரிவின் அறிக்கையை அந்த இளம்பெண்ணே எழுந்து படித்தாள். கையேட்டில் அதிகம் வாசிக்கப்பட்ட வரி எது என்று சொன்னாள். உதாரணத்துக்கு ஒரு நிகழ்வு: "பீர்க்கன்கரணையைச் சேர்ந்த ஓர் இளம் தாய் நமது வழிகாட்டுதலைக் கேட்டு, உரிய முடிவை உரிய நேரத்தில் எடுத்து, தன் குழந்தையுடன் பாதுகாப்பான இடம் சேர்ந்தார்." மறுநாள் அவள் திரும்ப அழைத்தபோது, தம்பி வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன்.

செயலாளர் நெகிழ்ந்துபோனார். "இதை ஆண்டறிக்கையில பாக்ஸ் போட்டுப் போடணும். படம் கிடைக்குமா?"

அண்ணன் சமோசாவை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து, 'படம் கிடைக்குமா' என்று குறிப்பில் எழுதினேன். எழுதி முடித்ததும் என்னை மீறி வாய் திறந்தது.

"அந்தத் தாய் நான்தான் சார்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை, இருந்ததை இருந்தபடியே படித்தாள் என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். அப்படியும் அவள் முகம் வாடிவிட்டது. அந்த வரியில் ஒரு குறை இருக்கிறது, முடிவு 'எடுக்கப்பட வேண்டும்' என்றிருக்கிறதே தவிர எடுப்பவர் இல்லை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் போய்ப் பார்த்து, 'கிளம்புங்கள்' என்றோ 'இருங்கள்' என்றோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் பெயர் கையேட்டில் இருக்க வேண்டும் என்றேன். கேட்கிறவர்களுக்கு ஒரு மனுஷர் வேண்டும் சார், என்றேன்.

கமிட்டி மறுக்கும் என்று நினைத்தேன். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"நல்ல யோசனை" என்றார் வக்கீல். "தனிப்பட்ட ஒருத்தர் பேரைப் போட்டுட்டா அறக்கட்டளைக்குச் சிக்கல் இல்லை."

"பெருங்களத்தூருக்கு அண்ணன். முடிச்சூருக்கும் அண்ணன்" என்றார் செயலாளர்.

"சார், ஒளிஞ்சிக்க மொட்டை மாடி ஒண்ணுதான் கீது" என்றார் அண்ணன். ஆனாலும் தலையாட்டினார்.

"பீர்க்கன்கரணைக்கு?"

அண்ணன், "மேடம்தான் அங்கியே குந்திகினு கீறாங்களே" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த இளம்பெண் மட்டும், "மேடம் சொன்னா நான் தைரியமா போன்ல சொல்லுவேன்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் மேலாளர், ஆலோசகர் தான் எழுதும் கையேட்டுக்குள் தானே போய்விடுவது தொழில் மரபுக்குச் சரியா என்று தனக்குத் தெரியவில்லை என்றார். தெரியாத விஷயத்தை இவ்வளவு தெளிவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கணவர் சிரித்தார்: "இட்லியா தோசையான்னு கேட்டா அரை மணி நேரம் ஆகுது உனக்கு. நாலு தெருவுக்கு நீ சொல்லப் போறியா?" சிரித்து முடித்து, "ஆனா நீ போய்ப் பார்க்காம ஒண்ணும் சொல்ல மாட்டே. அது ஒண்ணு இருக்கு" என்றார். மேல்வீட்டு அக்காவிடம் சொன்னபோது, "போடு பேரை. தப்பாச் சொன்னா மாடியிலேர்ந்து நானே திட்டறேன், வெளியாள் எதுக்கு?" என்றார்.

நான் இப்போதெல்லாம் நாலு தெருவிலும் நடந்து பார்க்கிறேன். எந்த வீட்டில் தவழும் குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், எந்த வீட்டுக்குப் பின்வாசல் உண்டு என்றெல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறேன். இன்னும் சம்மதம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அந்தப் பெண் இன்னொரு அம்மாவுக்குப் பழைய வரியையே படித்துக் காட்டுவாள். சொன்னால், என் பேச்சைக் கேட்டு ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்குவாள். அந்தக் குழந்தைக்கு இழுத்தால்? இருங்கள் என்று சொல்லி, இருந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால்?

திருத்திய கையேடு அச்சுக்குப் போகவிருக்கிறது. எங்கள் பகுதிக்கு நேரே இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் தாசில்தார் ஆபீஸிலோ, ஆஸ்பத்திரியிலோ, பள்ளிக்கூடத்திலோ மற்றவர்களுக்காக 'போ' அல்லது 'இரு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்திருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். நான் என் பெயரைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால், இன்னொன்றும் சொல்லுங்கள்: நீங்கள் சொன்னது தப்பாகப் போன மறுநாள் காலையில், உங்கள் பேச்சைக் கேட்டவர்கள் வீட்டு வழியாகத்தான் கடைக்குப் போக வேண்டும் என்றால், எப்படிப் போனீர்கள்? தயவுசெய்து 'சூழலைப் பொறுத்தது' என்று மட்டும் எழுதாதீர்கள்.